ஒரு மில்லிக்கு இருபது துளி

“இனிமேல் கூடாது” என்று ரயான் சொன்னதும் சங்கமித்ரா கையைத் தூக்கினாள். ஒன்பது வருஷத்தில் எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவள் கையைத் தூக்கியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீம் லீடர் கிளெமென்ட் திரும்பி, இவளா என்பது போலப் பார்த்தான்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆறாவது மாடி. ஏ.சி. குளிருக்குத் துப்பட்டாவைத் தோளோடு போர்த்திக்கொண்டு முப்பது பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ரயான். இவர்கள் யாருக்காக வேலை செய்கிறார்களோ அந்த அமெரிக்க நிறுவனத்தின் ஆள். அங்கே ஒரு மாநிலத்தில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. மருந்துக் கடைகளை எப்படி நியாயமாகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டசபை எழுதிவைத்த சட்டம். அதன் ஷரத்துகளை அவன் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்தான். கைத்தவறாக நேர்ந்த எழுத்துப் பிழையை மோசடி என்று சொல்லக்கூடாது. கடைக்காரருக்கு மேல்முறையீடு செய்ய வழி விட வேண்டும். பிழை கண்டுபிடித்த தணிக்கையாளர் நேரில் பதில் சொல்ல வேண்டும். பிறகு இது: மாதிரிக்கு எடுத்த சில சீட்டுகளில் பத்துக்கு ஒன்று தவறு என்றால், அந்தக் கடை இரண்டு வருஷமாகக் கொடுத்த அத்தனை மருந்திலும் பத்துக்கு ஒன்று தவறு என்று பெருக்கி, அவ்வளவு பணத்தையும் திரும்பப் பிடிக்கும் வழக்கம் இனிமேல் கூடாது.

“இனிமேல் கூடாது என்றால், இதுவரை பெருக்கிக்கொண்டா இருந்தோம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள் சங்கமித்ரா.

ரயான் சிரித்தான். நல்ல பல் வரிசை. “இதுவரை அதற்குத் தடை இருக்கவில்லை” என்றான். அடுத்த ஷரத்துக்குப் போய்விட்டான்.

சங்கமித்ரா தூக்கிய கையை இறக்கினாள். சுற்றிப் பார்த்தாள். பாதிப் பேர் மேஜைக்குக் கீழே போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனுஷா கொட்டாவியை விழுங்கினாள். ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. தனக்கு மட்டும்தான் தெரியாதா, அல்லது தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வேறு யாருக்கும் வரவில்லையா என்று அவளுக்குப் புரியவில்லை.

அவள் வேலை இதுதான். அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கடையில், டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்துக்குக் காப்பீட்டுப் பணம் பட்டுவாடா செய்கிற நிறுவனம், கடைக்காரன் ஏமாற்றியிருக்கிறானா என்று பார்க்கச் சீட்டுகளின் நகலை இங்கே அனுப்பும். தேதி விட்டுப்போயிருக்கிறதா, அளவு சரியா, முப்பது நாளுக்குக் கொடுத்த மருந்தை இருபதாவது நாளே மறுபடி கொடுத்திருக்கிறார்களா என்று இவள் பார்ப்பாள். தவறு இருந்தால் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வரும்படி அழுத்த வேண்டும். ‘செவப்பு அடிக்கிறது’ என்பார்கள் அந்தத் தளத்தில். கடைக்குப் பெயர் கிடையாது, எண்தான். நோயாளிக்கும் எண்தான். தான் ஒரு சிவப்பு அடித்தால் அந்த ஒரு மருந்தின் பணம் திரும்பி வரும் என்று ஒன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்பை எடுத்துக்கொண்டு போய் வேறொரு தேசத்தில் யாரோ பெருக்குகிறார்கள் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தளத்தில் கேக் வெட்டுவார்கள். வாரத்தில் யார் அதிகமாகச் சிவப்பு அடித்தார்களோ அவர்கள் கையில் கத்தி. சங்கமித்ரா நிறைய வெட்டியிருக்கிறாள். கண் கூர்மையானவள். ஒரு துண்டை டிஷ்யூ பேப்பரில் மடித்து, கம்பெனி கேபில் மேம்பாலச் சாலை முழுக்க மடியில் வைத்துக் காப்பாற்றி, ஆஸ்டின் டவுன் வீட்டுக்குக் கொண்டுவருவாள். அப்பா வெங்கடசாமி கதவைத் திறக்கும்போதே கேட்பார்.

“இன்னிக்கு எத்தினி திருடனப் புடிச்ச?”

“ஒரு கூட்டமே மாட்டிக்கிச்சு நைனா.”

“பலே!”

வெங்கடசாமி ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கியவர். பௌத்த சங்கத்துக் கூட்டத்தில் கேட்ட பெயரை மகளுக்கு வைத்து, அவள் டி.பார்ம் முடிக்கும் வரைக்கும் ஒரு நாள் லீவு போடாமல் முதுகைக் கொடுத்தவர். மகள் கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பாள் என்று நினைத்திருந்தார். அவள் அமெரிக்கக் கடைகளுக்கே ஆபீசராகிவிட்டாள் என்றதும், தெருவில் ஒருவரைப் பாக்கி வைக்காமல் சொன்னார். “போலீஸ் வேலை மாதிரிதான். ஆனா யூனிபாரம் இல்ல, லத்தி இல்ல, அவ்ளோதான்.” மனைவி காந்தா இறந்த பிறகு வீட்டில் அவரும் மகளும் மட்டும். கல்யாணப் பேச்சு வரும், போகும். வந்தவர்களில் இருவர் அப்பாவை எங்கே விடப்போகிறாய் என்று கேட்டார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

பயிற்சி வகுப்பு முடிந்து இருக்கைக்கு வந்தபோது கிளெமென்ட் பின்னாலேயே வந்தான்.

“என்னா திடீர்னு கொஸ்டின்லாம்? அந்தாளு அப்செட் ஆயிடப் போறான்.”

“உனக்குத் தெரியுமா கிளெமென்ட், பெருக்குறாங்கன்னு?”

“தெரியும்மா. அது அவங்க பாலிசி. நம்ம வேலை செவப்பு அடிக்கிறது. அதோட நம்ம கதை முடிஞ்சிது.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “இன்னொண்ணு. பழைய கேஸ் ஒண்ணு அப்பீலுக்கு வந்திருக்கு. உன் கேஸ்தான். புதுச் சட்டப்படி நீயே வீடியோ காலுக்கு வரணும். வியாழக்கிழமை.”

“நான் என்ன பேசறது?”

“நீ ஒண்ணும் பேசாதே. எழுதிக் குடுக்கறேன், படி. ‘விதிமுறைப்படி ஆய்வு செய்யப்பட்டது, முடிவில் மாற்றமில்லை.’ அவ்ளோதான்.” குரலைத் தணித்தான். “ஸ்வல்ப பாத்து நடந்துக்கோம்மா. முதல் அப்பீல் இது. இதுல நாம பின்வாங்கினா, எல்லாக் கடைக்காரனும் வரிசைல வந்து நிப்பான். அப்புறம் இந்த பிராஜெக்ட்டே இருக்காது. ஃபர்ஸ்ட் யாரு சீட்டைக் கிழிப்பாங்கன்னு உனக்கே தெரியும்.”

அவள் கோப்பைத் திறந்தாள். அப்பீல் என்பதால் முதல் முறையாக எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் இருந்தது. கடை நடத்துபவர்: கேரல். சின்ன ஊர். அவள் சிவப்பு அடித்தவை எல்லாம் ஒரே வகை: கண்ணில் விடும் சொட்டு மருந்து. ஒரு மில்லிக்கு இருபது துளி என்று ஆபீஸில் ஒரு அட்டவணை உண்டு. பாட்டில் இத்தனை மில்லி, ஒரு நாளைக்கு இத்தனை துளி, ஆக இத்தனை நாள் வரவேண்டும். அதற்கு முன்பே அடுத்த பாட்டிலைக் கொடுத்தால், கடைக்காரன் கூடுதலாக விற்றுக் காசு பார்க்கிறான். கேரலின் கடை ஒரே பெரியவருக்குத் திரும்பத் திரும்ப அப்படிக் கொடுத்திருந்தது. கணக்கு சரி. சிவப்பும் சரி. கீழே, பெருக்கி வந்த தொகை இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் கோப்பை மூடிவிட்டாள். அந்தக் கடையின் கதவு, நாற்காலி, கல்லா எல்லாவற்றையும் விற்றாலும் அவ்வளவு வராது என்று பட்டது.

கேரலின் கடைக்குச் சிவப்பு அடித்த வாரத்துக் கேக்கையும் அவள்தான் வெட்டியிருந்தாள்.

புதன்கிழமை காலை, ஆபீஸ் புறப்படும் அவசரத்தில், அப்பா கூடத்து நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். வெங்கடசாமிக்குக் கண்ணில் பிரஷர். காலையும் சாயங்காலமும் சொட்டு மருந்து. தானே போட்டுக்கொள்வேன் என்று பிடிவாதம். மூட்டை தூக்கிய கை இப்போது எதைப் பிடித்தாலும் ஆடும். பாட்டில் கண்ணுக்கு மேலே வந்தது, ஆடியது. ஒரு துளி இமையில் விழுந்தது. அடுத்தது கன்னத்தில். மூன்றாவது காதை நோக்கி ஓடியது. நான்காவது உள்ளே போனது. மறு கண்ணுக்குப் பாட்டிலை அமுக்கினார், காற்றுதான் வந்தது.

“ஆயிப்போச்சு” என்றார்.

“அதுக்குள்ளவா? இந்த மாசக் கடைசி வரைக்கும் வரணுமே நைனா. எப்படித்தான் காலி பண்றே? குடிக்கிறியா?”

போன மாதமும் இதையே சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின மாதமும். இந்தத் தடவை வாயில் இருந்து வந்த வார்த்தை அவள் காதிலேயே திரும்பி வந்து அறைந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னாம்மா? இன்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல நைனா. வாங்கிட்டு வந்துடறேன்.”

தெரு முனையில் உத்தமனின் மெடிக்கல்ஸ். அவளைப் பார்த்ததுமே உத்தமன் பின்னால் திரும்பி அலமாரியில் இருந்து பாட்டிலை எடுத்து வைத்தார். சீட்டு கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. இந்தத் தெருவில் யாருக்கு என்ன மருந்து, எப்போது தீரும் என்பது அவருக்கு முகம் பார்த்தால் தெரியும்.

“உத்தமண்ணா, சீட்டு வேணாமா?”

“உங்க நைனா கண்ணுக்குச் சீட்டு வேறயா? கேட்டா இங்க வந்து ஒக்காந்துக்கினு கூட்ஸ் ஷெட்டு நியாயத்த எல்லாம் பேசுவாரு. கடைய யாரு பாக்கறது?”

“மாசம் முடியலையே. முன்னாடியே குடுக்கிறீங்களே?”

“கை ஆடுற மனுசன். பாதி சட்டைக்கு, பாதி கண்ணுக்கு. சட்டைக்கும் சேத்துத்தானே குடுக்கணும்?” உத்தமன் பாட்டிலைக் கவரில் போட்டவர் நிறுத்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஏம்மா, ஆடிட்டா? அமெரிக்காவ முடிச்சிட்டு ஆஸ்டின் டவுனுக்கு வந்துட்டியா? தாயே, நான் புள்ளகுட்டிக்காரன்!”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சங்கமித்ராவும் சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை. உத்தமன் இப்போது செய்ததைத்தான் கேரலும் செய்திருந்தாள். இவளோ உத்தமனிடம் அதே பாட்டிலைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு, கேபுக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடி, ஆபீஸ் போய் உட்கார்ந்து, அதே காரியத்துக்குச் சிவப்பு அடித்திருக்கிறாள். எத்தனை மாதமாக! இந்த இரண்டும் ஒரே பாட்டில் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? கேபில் ஏறிய பிறகும் கவரை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தாள். பொம்மனஹள்ளி தாண்டிய பிறகுதான், மருந்தை வீட்டில் கொடுக்காமலே கையோடு கொண்டுவந்துவிட்டது தெரிந்தது. உத்தமனுக்குப் போன் பண்ணினாள். அவர் இன்னொரு பாட்டிலை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்.

வியாழக்கிழமை மாலை, சின்ன மீட்டிங் அறை. மேஜையின் ஒரு பக்கம் கிளெமென்ட்டும் அவளும். அவள் முன்னால் மூன்று வரி அச்சடித்த தாள். திரையில் ஒரு கட்டத்தில் ரயான். இன்னொரு கட்டத்தில் ஒரு பெண்மணி, அறுபது வயதிருக்கும், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்தது கடை இல்லை, ஒரு சமையலறை. பின்னால் ஃபிரிட்ஜ், அதன் மேல் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். அங்கே வேலை நாளின் காலை நேரம். கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சங்கமித்ராவுக்கு ஒரு கணம் தோன்றியது.

ரயான் சட்டத்தின் பெயரை வாசித்தான். இது நியாயமான விசாரணை என்று இரண்டு தடவை சொன்னான். பிறகு “தணிக்கையாளர் தன் முடிவைப் படிக்கலாம்” என்றான்.

கேரல் முன்னால் குனிந்தாள். “ஒரு நிமிஷம். என் கடை மருந்தில் தவறு என்று இந்தக் குறிப்பை எழுதியது யார்? பெயர் சொல்ல முடியுமா?”

“அது இங்கே தேவையில்லை” என்றான் ரயான்.

“நான்தான்” என்றாள் சங்கமித்ரா. “என் பெயர் சங்கமித்ரா.”

கேரலின் முகத்தில் இருந்த எல்லாமும் நின்றுபோனது. “நீங்கள் மனுஷியா?” என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். “நான் ஏதோ கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாகக் கம்ப்யூட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.”

சங்கமித்ராவுக்கு அந்தக் கோப்பின் எண் நினைவுக்கு வந்தது. நானும் உங்களை ஒரு எண் என்றுதான் நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

“மனுஷி என்றால் உங்களிடமே கேட்கிறேன்” என்றாள் கேரல். “நான் திருடினேனா?”

கிளெமென்ட் தாளை அவள் பக்கம் விரலால் நகர்த்தினான். மூன்று வரி. படித்து முடிக்க ஒரு மூச்சு போதும். படித்துவிட்டால் நாளைக்கும் கேப் வரும், அப்பாவின் மருந்து வரும், வீட்டு வாடகை போகும். அவள் தாளைப் பார்த்தாள். எழுத்து தெரிந்தது, படிக்க முடியவில்லை. அப்பாவின் காதை நோக்கி ஓடிய துளிதான் தெரிந்தது.

“இல்லை” என்றாள். “நீங்கள் திருடவில்லை. எங்கள் அட்டவணையில் எல்லாத் துளியும் கண்ணுக்குள் விழுகிறது. வயதானவர்களுக்கு அப்படி விழாது. என் அப்பாவுக்கும் விழுவதில்லை. எங்கள் தெருக் கடைக்காரர் முன்கூட்டியே கொடுக்கிறார், நானே வாங்குகிறேன். நான் எழுதிய குறிப்பு தவறு. திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.”

மேஜைக்கு அடியில் கிளெமென்ட்டின் ஷூ அவள் காலை மிதித்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. ரயான் எதையோ தட்டச்சு செய்தான். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

“குறிப்பு எழுதியவரே திரும்ப எடுத்துக்கொண்டால், புதுச் சட்டப்படி மேல்முறையீடு ஏற்கப்பட்டதாக அர்த்தம்” என்றான். “உங்கள் பணத்தை விடுவிக்க ஏற்பாடு செய்கிறோம். வாழ்த்துகள்.”

கேரல் சந்தோஷப்படுவாள் என்று சங்கமித்ரா காத்திருந்தாள். கேரல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“கடையை மூடிவிட்டேன்” என்றாள். “மாதா மாதம் வரவேண்டிய பணத்தை நீங்கள் நிறுத்திவைத்தீர்கள். மருந்து வாங்கிப்போட வழியில்லை. சட்டம் நல்ல சட்டம்தான். கொஞ்சம் பிந்தி வந்தது.” பின்னால் இருந்த பெட்டிகளைக் காட்டினாள். “மிச்சம் இவ்வளவுதான்.”

“அப்புறம் எதற்கு மேல்முறையீடு?” ரயான் வாய் தவறித்தான் கேட்டிருக்க வேண்டும்.

“இது சின்ன ஊர். மளிகைக் கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கிறாள், அதுதான் மாட்டிக்கொண்டாள் என்கிறார்கள். நான் செய்யவில்லை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.” அவள் சங்கமித்ராவைப் பார்த்துத் தலையசைத்தாள். “சொல்லிவிட்டீர்கள்.”

சங்கமித்ரா திரைப் பக்கம் குனிந்தாள். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. “அந்தப் பெரியவர்? சொட்டு மருந்துக்காரர்? இப்போது யார் கொடுக்கிறார்கள்?”

“பக்கத்துக் கடை காரில் ஒரு மணி நேரம். அவர் இப்போது கார் ஓட்டுவதில்லை.” கேரல் யோசித்தாள். “ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது என்று அவர் மகள் சொன்னாள். போன வாரம்.”

திரை அணைந்தது. கிளெமென்ட் கத்துவான் என்று நினைத்தாள். அவன் அந்த மூன்று வரித் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தான்.

“என்னாம்மா இப்படிப் பண்ணிட்டே” என்றான், கடைசியில். “கம்பெனிக்காரங்களை என்னால டிஃபெண்ட் பண்ண முடியாது. உன்னையும் முடியாது.”

“தெரியும்.”

“ஒரு கண்ணாமே.”

“ஆமா.”

“கர்த்தரே” என்றான் கிளெமென்ட். எழுந்து போனான்.

அவள் தன் இடத்துக்குத் திரும்பியபோது திரை அவளை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டை மறுபடி அடித்தாள். மறுபடியும் விடவில்லை. காலையில் எச்.ஆரைப் பார்க்கவும் என்று போனில் ஒரு வரி வந்திருந்தது. இத்தனை சீக்கிரமாகவா! கேரலின் பணத்தை விடுவிக்க எவ்வளவு நாள் எடுத்துக்கொள்வார்களோ. இவளை நிறுத்த, இவள் அந்த அறையில் இருந்து நாற்காலிக்கு நடந்துவரும் நேரம் போதுமாயிருந்தது. அனுஷா தலையைத் தூக்காமல், “நாளைக்குக் கேக் யாருன்னு தெரியுமா?” என்று கேட்டாள். சங்கமித்ரா பையை எடுத்துக்கொண்டாள். டிராயரில், நேற்றுக் கையோடு கொண்டுவந்த சொட்டு மருந்துப் பாட்டில் கிடந்தது. அதையும் எடுத்துப் பைக்குள் போட்டாள்.

அப்பா கதவைத் திறந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

“இன்னிக்கு எத்தினி திருடன்?”

அவள் செருப்பைக் கழற்றினாள். “இன்னிக்குத் திருடனே இல்ல நைனா.”

“ஒருத்தன் கூடவா?”

“அங்க இல்ல.”

அவருக்கு விளங்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவும் இல்லை. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, “மருந்து போட்டாச்சா?” என்றாள்.

“போட்டேன். போச்சோ இல்லியோ.”

“படு. நான் போடறேன்.”

“நானே...”

“படு நைனா.”

வெங்கடசாமி கட்டிலில் சாய்ந்தார். அவள் புதுப் பாட்டிலைத் திறந்து, அவர் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்தாள். அவளுடைய கை ஆடியது. இவ்வளவு ஆடும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முதல் துளி மூக்கின் ஓரத்தில் விழுந்து கன்னத்தில் இறங்கியது. இரண்டாவதும் அப்படியே.

“ஏய், வேஸ்ட் ஆவுது பாரு” என்றார் அவர், கண்ணை மூடாமல்.

“ஆவட்டும்” என்று சொல்லி, அவள் இன்னொரு துளி விட்டாள்.